பத்து நாள் ஊழியம், 42 நாள் பிணை

கோடை விடுமுறையில் கடல் கடந்து தொண்டுக்குப் போகும் சபைக் குழுக்கள் பெருகிவிட்டன. போகிறவர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. அதற்கான விலையைக் கொடுப்பது யார் என்பதே கேள்வி.

2007 ஜூலை 13. தென் கொரியத் தலைநகர் சியோலுக்கு அருகிலுள்ள இஞ்சியோன் விமான நிலையம். ஆப்கானிஸ்தானுக்குப் போவதைத் தவிர்க்கும்படி அரசு வைத்திருந்த எச்சரிக்கைப் பலகை ஒன்றின் பக்கத்தில் நின்று, ஒரு குழு சிரித்த முகத்துடன் புகைப்படம் எடுத்துக்கொண்டது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது ஆப்கானிஸ்தானுக்குத்தான். சில நாட்களில் அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. சிரித்தவர்கள் அப்போது தலிபான்களின் பிடியில் இருந்தார்கள்.

சியோலை அடுத்த சியோங்நாம் நகரின் சேம்முல் பிரஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்தவர்கள், பெண்களே அதிகம். தலைமை தாங்கிச் சென்றவர் போதகர் பே ஹியோங்-கியு. பத்து நாள் பயணம். காந்தஹாரில் ஒரு மருத்துவமனையிலும் சிறுவர் பள்ளியிலும் சேவை செய்வது, 23ஆம் தேதி ஊர் திரும்புவது என்பது திட்டம். மதம் பரப்பப் போகவில்லை, தொண்டு செய்யவே போனார்கள் என்று சபை பிறகு திரும்பத் திரும்பச் சொன்னது.

ஜூலை 19 அன்று காபூலிலிருந்து காந்தஹாருக்கு ஒரு வாடகைப் பேருந்தில் கிளம்பினார்கள். அப்போது ஆப்கானிஸ்தானில் மிக ஆபத்தானவை என்று கருதப்பட்ட சாலைகளில் அது ஒன்று. கொரியாவிலிருந்து வந்த 20 பேருடன், ஆப்கானிஸ்தானிலேயே இருந்த மூன்று கொரியர்களும் வழிகாட்டிகளாகச் சேர்ந்துகொண்டார்கள். கஜினி மாகாணத்தில் பேருந்து மறிக்கப்பட்டது. 16 பெண்கள், 7 ஆண்கள். மொத்தம் 23 பேரும் பணயக்கைதிகள் ஆனார்கள்.

ஆப்கானிஸ்தானில் இருந்த சுமார் 200 கொரியத் துருப்புகளை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது தலிபான்களின் முதல் கோரிக்கை. இவர்கள் பெரும்பாலும் மருத்துவ, பொறியியல் பிரிவினர். அடுத்து, கைதிக்குக் கைதி என்று 23 தலிபான்களை விடுவிக்கச் சொன்னார்கள். அதிபர் ஹமீத் கர்சாய் இசையவில்லை. காரணம் இருந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளருக்காக ஐந்து தலிபான் கைதிகளை விடுவித்து அவர் கடும் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தார். இத்தாலியர் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அவருடன் பிடிபட்ட ஆப்கன் ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். இனி இப்படிப் பேரம் இல்லை என்று கர்சாய் அறிவித்திருந்தார்.

ஜூலை 25 அன்று போதகர் பே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அவருக்கு 42ஆவது பிறந்த நாள். மாத இறுதியில் சிம் சியோங்-மின் என்ற 29 வயது இளைஞர். மற்றவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, கிராமம் கிராமமாக இடம் மாற்றி வைத்திருந்தார்கள். சியோலில் உறவினர்கள் ஓரிடத்தில் கூடி, தொலைக்காட்சியைப் பார்த்தபடி நாட்களை எண்ணினார்கள். அமெரிக்கத் தூதரகத்திற்கும் போய் முறையிட்டார்கள்.

கடைசியில் கொரிய அரசே தலிபான்களுடன் நேருக்கு நேர் பேசியது. ஆகஸ்ட் 13 அன்று நோயுற்றிருந்த இரண்டு பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். முதலில் போகக் கிடைத்த வாய்ப்பை ஒரு பெண் தன் தோழிக்கு விட்டுக்கொடுத்ததாகச் செய்தி வந்தது. மீதமிருந்த 19 பேரும் ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் வெளியே வந்தார்கள். ஆண்டு முடிவுக்குள் துருப்புகளைத் திரும்பப் பெறுவதாகவும், ஆப்கானிஸ்தானில் கொரிய மிஷனரிப் பணியை நிறுத்துவதாகவும் சியோல் வாக்குறுதி அளித்தது. துருப்பு விலகல் முன்பே முடிவான விஷயம். மிஷனரித் தடை புதியது. பணமும் கைமாறியது என்ற பேச்சை அரசு மறுத்தது.

அனுதாபமும் ஆத்திரமும்

ஊர் திரும்பியவர்களுக்கு மாலை மரியாதை இல்லை. விமான நிலையத்தில் தலைகுனிந்து நின்று நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள். சபையின் மூத்த போதகரும் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். இணையத்தில் வசவுகள் குவிந்தன. எச்சரிக்கைப் பலகைப் படம் ஒவ்வொரு விவாதத்திலும் காட்டப்பட்டது. மீட்புச் செலவில் ஒரு பகுதியைச் சபையிடம் கேட்கப்போவதாக அரசு சொன்னது.

ஆத்திரத்துக்குப் பின்னணி உண்டு. 2004இல் இராக்கில் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஆகஸ்டில் காபூலில் அமைதி விழா நடத்தப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொரியக் கிறிஸ்தவர்களை ஆப்கன் அரசு திருப்பி அனுப்பியது. 2007 பிப்ரவரியில் பக்ராம் தள வாயிலில் நடந்த குண்டுவெடிப்பில் கொரிய ராணுவ வீரர் ஒருவர் பலியானார். எச்சரிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் ஏன் போனார்கள்?

விடையின் ஒரு பாதி கொரியத் திருச்சபையின் வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிகளான அண்டர்வுட்டும் அப்பென்செல்லரும் 1885இல் கப்பலில் வந்து இறங்கியது இதே இஞ்சியோனில். 1907இல் பியோங்யாங் நகரில் எழுந்த ஆன்மிக எழுச்சியைக் கொரியக் கிறிஸ்தவர்கள் தங்கள் திருச்சபையின் திருப்புமுனையாகக் கருதுகிறார்கள். 2007 அதன் நூற்றாண்டு. கொரியர்களில் சுமார் 29 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று 2005 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதிவு செய்திருந்தார்கள். மிஷனரிகளைப் பெற்ற நாடு மிஷனரிகளை அனுப்புவது பட்ட கடனைத் திருப்பித் தருவது என்ற உணர்வு அங்கே ஆழமானது.

இன்னொரு பாதி பாஸ்போர்ட்டில் இருக்கிறது. 1989 வரை சாதாரணக் கொரியர் நினைத்தபோது வெளிநாடு போக முடியாது. அந்தக் கட்டுப்பாடு விலகியதும், வருமானமும் உயர்ந்ததும், சபைகளின் கண் வெளியே திரும்பியது. 1970களின் இறுதியில் நூறைக்கூடத் தொடாத கொரிய மிஷனரிகளின் எண்ணிக்கை 2006இல் சுமார் பதினைந்தாயிரம் ஆனது. அமெரிக்காவுக்கு அடுத்த இடம். இது நீண்ட காலம் தங்குபவர்களின் கணக்கு. கல்லூரி விடுமுறையில், அலுவலக விடுப்பில் ஒரு வாரம், இரண்டு வாரம் போய்வருபவர்கள் இதில் சேரமாட்டார்கள். கொரியச் சபைகளில் 'குறுகிய கால மிஷன்' என்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் வழக்கமான நிகழ்ச்சி ஆகிவிட்டது.

எப்படி நடக்கிறது?

கொரியாவானாலும் அமெரிக்காவானாலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். பல வாரங்களுக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். குழுவினர் மாலை நேரங்களில் கூடி ஜெபிப்பார்கள். போகும் நாட்டு மொழியில் இரண்டு பாடல்களும் நாலு வார்த்தைகளும் கற்பார்கள். வசனமில்லாத நாடகம் ஒன்றை ஒத்திகை பார்ப்பார்கள். செலவுக்கு உறவினர்களுக்கும் சபையாருக்கும் கடிதம் எழுதுவார்கள். அமெரிக்க இளைஞர்கள் கார் கழுவியும் பலகாரம் விற்றும் பணம் சேர்ப்பார்கள். ஒரே நிறச் சட்டை அணிந்து கிளம்புவார்கள். போன இடத்தில் பள்ளிச் சுவருக்கு வர்ணம் அடிப்பது, வீடு கட்டுவது, மருத்துவ முகாம், முடி திருத்துவது, குழந்தைகளுக்கு வி.பி.எஸ். நடத்துவது. கடைசி நாள் கண்ணீருடன் விடைபெறல். அடுத்த ஞாயிறு சொந்தச் சபையில் படம் காட்டி சாட்சி சொல்லுதல்.

இந்த வழக்கத்தின் வேர் 1950களின் அமெரிக்காவில். 1957 கோடையில் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களுடன் மெக்சிகோவுக்குக் கிறிஸ்தவப் புத்தகங்கள் கொடுக்கப் போனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆபரேஷன் மொபிலைசேஷன். லோகோஸ், டூலோஸ் என்ற புத்தகக் கப்பல்களை உலகத் துறைமுகங்களுக்கு அனுப்பிய அமைப்பு. 1960இல் 'யூத் வித் எ மிஷன்' தொடங்கியது. விமானக் கட்டணம் குறையக் குறையக் கூட்டம் பெருகியது. அமெரிக்கச் சபைகளிலிருந்து ஆண்டுக்கு 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய் வருவதாக, 2005இல் சமூகவியலாளர் ராபர்ட் வுத்னோ நடத்திய ஆய்வு மதிப்பிட்டது.

இத்தனை பேர் போய் என்ன விளைந்தது? இதை அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் கர்ட் வெர் பீக். கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர். ஹோண்டுராஸ் நாட்டிலேயே வாழ்பவர். 1998இல் மிட்ச் புயல் அந்த நாட்டைச் சூறையாடியபின், வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் வந்து வீடுகள் கட்டிக்கொடுத்தன. ஒரு குழு வந்துபோக ஆன செலவு சராசரியாக 30,000 டாலர். உள்ளூர் ஆட்களைக் கொண்டு அதே வீட்டைக் கட்ட ஆன செலவு சுமார் 2,000 டாலர். வீடு பெற்றவர்களின் வாழ்க்கையில் யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று அவரது ஆய்வு காட்டியது. போனவர்கள் மாறினார்களா? என் வாழ்க்கையே மாறிவிட்டது என்று சொன்னவர்கள் பலர். அவர்கள் பிறகு கொடுத்த காணிக்கையிலும் வாழ்ந்த முறையிலும் தெரிந்த மாற்றம் சொற்பம்.

தங்கிவிடுகிறவர்களின் நிலை

செலவுக் கணக்கைவிடக் கடுமையானது ஆபத்துக் கணக்கு. அதிலும் உள்ளூர்க்காரர்களின் பங்கு செய்திகளில் அடிபடுவதில்லை. 2001 ஆகஸ்டில் ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் எட்டு ஊழியர்களை, மதம் பரப்பியதாகக் குற்றம் சாட்டி, அன்றைய தலிபான் அரசு சிறையிலிட்டது. அவர்களில் இரண்டு அமெரிக்கப் பெண்களின் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. நவம்பரில் அவர்கள் மீட்கப்பட்டதும் வெள்ளை மாளிகையில் வரவேற்பு. அவர்களுடன் வேலை பார்த்ததற்காகக் கைதான 16 ஆப்கானியர்களின் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. தலிபான் ஆட்சி போன பிறகும் சட்டத்தின் நிழல் போகவில்லை. கிறிஸ்தவத்துக்கு மாறிய அப்துல் ரஹ்மான் என்ற ஆப்கானியர் 2006இல் மரண தண்டனையை எதிர்நோக்கி நின்றார். இத்தாலி அடைக்கலம் தந்ததால் தப்பினார். வந்தவருக்குத் திரும்பிப் போக விமானச் சீட்டு இருக்கிறது. அவரோடு பேசியவருக்கு, அவரை வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவருக்கு அது கிடையாது.

போர் நடக்கும் நாட்டில்தான் தவறு நேரும் என்பதும் இல்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியைப் பூகம்பம் உலுக்கியது. இரண்டரை வாரங்களில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்களை முக்கியமாகக் கொண்ட பத்துப் பேர் குழு ஒன்று, 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்கு அழைத்துச் செல்ல முயன்று எல்லையில் பிடிபட்டது. அநாதைகளைக் காப்பாற்றுவதாகவே அவர்கள் சொன்னார்கள். உரிய ஆவணங்கள் இல்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். நல்ல படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெற்றவர்களே கொடுத்தனுப்பியிருந்தார்கள். குழுவின் தலைவிக்கு மட்டும் மே மாதம் தண்டனை கிடைத்தது. அதுவரை சிறையில் இருந்த நாட்களே தண்டனைக் காலமாகக் கழிக்கப்பட்டு விடுதலையானார். பிள்ளையைக் கொடுத்த தாய்க்கும் தந்தைக்கும் அந்த வாரம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வழக்குப் பதிவேடு சொல்லாது.

உள்ளிருந்தே ஒலித்த குரல்கள்

இந்த விமர்சனம் சபைக்கு வெளியேயிருந்து மட்டும் வந்ததல்ல. 1968 ஏப்ரலில் சிகாகோவில், கோடையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களிடம் பேச இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அழைக்கப்பட்டார். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. பேச மொழி தெரியாத, கேட்கிறவர் மறுக்க வழியில்லாத ஊரில் போய் நல்லது செய்வதாக நினைக்க வேண்டாம் என்பது அவர் பேச்சின் சாரம். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்ற பொருளில் அவர் பேச்சை முடித்தார். 2009இல் ஸ்டீவ் கார்பெட், பிரையன் ஃபிக்கர்ட் என்ற இரண்டு அமெரிக்கக் கிறிஸ்தவப் பேராசிரியர்கள், உதவி எப்போது ஊறு செய்கிறது என்பதையே பொருளாக்கி எழுதிய புத்தகம் சபைகளில் பரவலாகப் படிக்கப்பட்டது. உள்ளூர்க்காரர் செய்யக்கூடிய வேலையை வந்தவர் எடுத்துக்கொள்வது அவரை இன்னும் சிறியவராக்கும் என்பது அவர்கள் வாதம்.

ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்யத் தெரிந்த மருத்துவர் ஒரு வாரம் வந்தாலும் பலருக்குப் பார்வை கிடைக்கிறது. வெர்வரின் மெக்சிகோ பயணமும் ஒரு கோடைக்காலப் பயணம்தான். அதிலிருந்து வாழ்நாள் பணி பிறந்தது. வெளியுலகம் மறந்துவிட்ட ஊருக்கு ஒருவர் தேடி வந்தார் என்பதே சிலருக்கு ஆறுதல். போகாமல் வீட்டில் இருந்திருந்தால் அந்த 30,000 டாலரும் ஹோண்டுராஸுக்குப் போயிருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆகவே போவதா வேண்டாமா என்பதைவிட, யார் கூப்பிட்டு, எதற்காக, யாருடைய பொறுப்பில் போவது என்பதே சரியான கேள்வி.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இடையில் ஒருமுறை ஐரோப்பா போய் வந்ததைத் தவிர, 1719இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். அப்படித் தங்கியவர்களிடமும் குறை கண்டவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.சா. அசரியா. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனரிகள் முன்னிலையில், உங்கள் தியாகத்துக்கும் கொடைக்கும் நன்றி, எங்களுக்கு வேண்டியது நட்பு என்ற கருத்தை அவர் துணிந்து சொன்னார். கூட்டத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1903இல் அவரும் மற்றவர்களும் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம், உள்ளூர்க் காணிக்கையில், உள்ளூர் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பியது. அசரியாவே தோர்ணக்கல் போய்த் தெலுங்கு கற்றார். 1912இல் அங்கேயே பேராயரானார்.

2007க்குப் பிறகு

கொரியாவில் சில மாறியிருக்கின்றன. தடை செய்யப்பட்ட நாட்டுக்கு அனுமதியின்றிப் போவது சட்டப்படி குற்றமானது. மிஷன் அமைப்புகள் ஆபத்துக் காலப் பயிற்சியை ஏற்பாடு செய்தன. அமெரிக்காவிலும் 2003 முதலே சில அமைப்புகள் சேர்ந்து குறுகிய காலப் பயணங்களுக்கான தர நெறிகளை வகுத்திருந்தன: உள்ளூர்ச் சபையோடு கூட்டாகத் திட்டமிடுவது, பயிற்சி தருவது, திரும்பியபின் தொடர்வது. எழுதி வைப்பது எளிது. விடுமுறை நாட்களுக்கும் விமான முன்பதிவுக்கும் ஏற்பத்தான் பல சபைகளில் திட்டம் இன்றும் உருவாகிறது.

2021 ஆகஸ்டில் காபூல் மறுபடியும் தலிபான் கையில் விழுந்தபோது, கொரிய அரசு தன் தூதரகத்திலும் அந்நாட்டில் தான் நடத்திய மருத்துவமனையிலும் தொழிற்பயிற்சி நிலையத்திலும் வேலை பார்த்த ஆப்கானியர்களையும் அவர்கள் குடும்பங்களையும், சுமார் 390 பேரை, விமானத்தில் அழைத்து வந்தது. ஆண்டுக்கணக்கில் கூட இருந்து வேலை செய்ததால் அவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட முடிந்தது. பத்து நாளில் அப்படி ஒரு பட்டியலைத் தயாரிக்க முடியாது.

அடுத்த கோடைக்கு ஆள் சேர்க்கும் எந்தச் சபையும், எந்த நாட்டில் இருந்தாலும், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. அந்த ஊர்க்காரர் நம்மை அழைத்தாரா? வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய்ப்பு இருந்ததா? நாம் செய்யப்போகும் வேலையை அங்கே கூலிக்குச் செய்ய ஆள் இல்லையா? நாம் வந்து போனதால் அவருக்கு ஆபத்து நேர்ந்தால் யாரிடம் போவார்? இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் கிளம்பினால் குழு சிறியதாகலாம். பயணம் ஒன்றிரண்டு ஆண்டு தள்ளியும் போகலாம். அதனால் சேம்முல் சபையின் இரண்டு குடும்பங்களுக்கு நேர்ந்தது இன்னொரு குடும்பத்துக்கு நேராமல் போனால், அந்தத் தாமதமும் ஊழியம்தான்.